நாலு இழுப்பு நேரம்

“…தோலு வெந்துபோவும் மச்சான், கையைத் தொறந்துதான் விடுமேன். வெரலு இடுக்குல எல்லாம் பொகை வந்துக்கிட்டு இருக்கு. எனக்குத் தெரியாதாக்கும்!”

இப்படிச் சொன்னவர் இன்னாசி. இடம் தூத்துக்குடிக் கடற்கரை, கரையேற்றிப் போட்டிருந்த எங்கள் வள்ளத்தின் நிழல். ஞாயிற்றுக்கிழமை காலை. கோயில் பூசை முடிந்து, வெளுத்த வேட்டியும் சட்டையுமாக என் முன்னால் நின்றார். நான் மணலில் உட்கார்ந்திருந்தேன். மூடிய என் வலது கைக்குள் ஒரு பீடி எரிந்துகொண்டிருந்தது.

அதற்கு முன்னால் ஐந்து மாதம் நாங்கள் யாரும் பீடியைத் தொட்டதில்லை.

ஏரல் பக்கமிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். “வாராவாரம் கடல் கதை சொல்லுகிறீர்கள். பழைய அத்தியாயங்களில் மூன்று இடத்தில் பீடி வருகிறது. பிறகு அதை எப்படி விட்டீர்கள் என்று எழுதவே இல்லையே. என் மகனுக்குப் படித்துக் காட்ட வேண்டும்” என்கிறார்.

ஐயா, மகனுக்குப் படித்துக் காட்டுகிற மாதிரியான கதையா இது என்று எனக்குத் தெரியவில்லை. நல்லபடியாகத் தொடங்கிய கதைதான். முழுதும் சொல்லிவிடுகிறேன், நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மச்சினன் பிடிக்க வேண்டிய கயிறு

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. நான் பனங்காட்டு ஊரிலிருந்து பிழைப்புக்கு வந்து, துறைமுகத்தில் பஞ்சுப் பொதி ஏற்றிக்கொண்டிருந்தேன். கப்பல் வருவது குறைந்தது. பொதியும் குறைந்தது. சும்மா நின்ற என்னைச் சங்கு குளிக்கும் வள்ளத்துக்குக் கூட்டிப் போனவர் இன்னாசி.

சங்கு குளிப்பவர் ஒரு கல்லில் காலை வைத்துக் கடலுக்குள் இறங்குவார். இடுப்பில் ஒரு கயிறு. அதன் மறுமுனை வள்ளத்தில் இருப்பவன் கையில். கீழே போனவர் கயிற்றை ஆட்டினால் மேலே இருப்பவன் இழுக்க வேண்டும். அவ்வளவுதான் தொழில். ஆனால் யார் கயிறு பிடிப்பது என்பதில் ஒரு வழக்கம் உண்டு. பெண்சாதியுடன் பிறந்தவன்தான் பிடிப்பான். தங்கச்சி தாலிக்காக அவன் கை தூங்காது என்று நம்பிக்கை.

இன்னாசியின் மச்சினன் பட்டாளத்துக்குப் போய்விட்டான். அதனால் கயிறு என்னிடம் வந்தது. முதல் நாள் இன்னாசியின் மனைவி பிலோமி கரைக்கே வந்து என்னிடம் சொன்னாள்: “எங்கண்ணன் பிடிக்க வேண்டிய கயிறு. இனிமே நீங்கதான் எங்கண்ணன். வேற ஒண்ணும் சொல்லத் தெரியல எனக்கு.”

அன்றிலிருந்து அவள் என்னை ‘அண்ணே’ என்றாள். அவர் ‘மச்சான்’ என்றார். அவர்கள் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர்கள், நான் சுடலைமாடனைக் கும்பிடுகிறவன். ஆனாலும் அந்த உறவுமுறை மாறவில்லை.

பீடிதான் கடிகாரம்

எங்களிடம் கடிகாரம் கிடையாது. கீழே போனவர் சில சமயம் மயங்கிவிடுவார். கயிறு ஆடாது. ஆடவில்லை என்று மேலே இருப்பவன் சும்மா இருந்துவிட்டால் போச்சு. அதனால் நேரம் தெரிய வேண்டும். அதற்கு எங்களிடம் இருந்தது பீடி.

இன்னாசி தலை தண்ணீருக்குள் மறைந்ததும் நான் ஒரு பீடியைப் பற்றவைப்பேன். வள்ளத்தில் ஒரு மண்சட்டிக்குள் கயிற்றுத் துண்டு எப்போதும் கனன்றுகொண்டிருக்கும். நிதானமாக ஒரு இழுப்பு. விட்டு, இன்னொன்று. நாலாவது இழுப்புக்குள் கயிறு ஆடிவிட வேண்டும். ஆடாவிட்டால் நானே இழுத்துவிடுவேன்.

மேலே வந்தவர் ஒரு கையால் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தொங்குவார். உதடு நீலம் பாய்ந்து, பல் அடித்துக்கொண்டிருக்கும். கை ஈரம், பீடியைத் தொட்டால் நமத்துவிடும். அதனால் முகத்தை மட்டும் நீட்டுவார். மிச்சமிருக்கிற பாதிப் பீடியை நான் அவர் உதட்டில் வைப்பேன். என் நாலு இழுப்பு அவருக்குக் காவல், மிச்சம் அவருக்குச் சூடு. ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை.

எங்கள் வள்ளத்தில் இன்னொரு ஜோடியும் இருந்தது. முங்குகிறவன் மிக்கேல், அவன் கயிறு மைதீன் கையில். அவர்களுக்கும் இதே முறைதான். ஒரு நாள் முழுக்கக் கடலில் இருந்துவிட்டு வந்தால், எங்கள் நாலு பேர் மேலும் மீன் வாடையைவிடப் பீடி வாடைதான் தூக்கலாக அடிக்கும்.

ரெண்டில் ஒன்று

ஒரு மழைக்காலம் முடிந்த சமயம் இன்னாசிக்கு இருமல் பிடித்தது. விடவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். டாக்டர் முதுகில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு சொன்னார்: “பீடியை விடு. இல்லாட்டி கடலை விடு. ரெண்டையும் வச்சுக்கிட்டு உன் நெஞ்சு ஒரு வருஷம் தாங்காது.”

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றோம். இன்னாசி சிரித்தார். “மூணு பொட்டப்புள்ளைய வீட்டுல இருக்கு. கடலை எங்கன விட? பீடியைத்தான் விடணும். விட்டா நான் என்னத்த மச்சான் செய்வேன்? கையி ரெண்டும் வேலையத்த விருந்தாளி மாதிரில்லா தொங்கும்!”

தனியாக மூன்று நாள் இருந்து பார்த்தார். நாலாம் நாள் நான் பீடியைப் பற்றவைத்ததும் கடலுக்குள் இறங்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். மிக்கேல் அதைப் பார்த்தான்.

“இது ஒத்தையில நடக்கிற காரியம் இல்ல வே,” என்றான் மிக்கேல். “மூணு பேரு ஊதிக்கிட்டு இருக்கச்ச அவரு மட்டும் வேடிக்கை பாக்கணுமாக்கும்? நாலு பேரும் விடுவோம்.”

மைதீன் யோசிக்கவே இல்லை. “நோம்பு மாசம் முழுக்கப் பகல்ல தொடமாட்டேன். பகல்ல முடியும்னா பொழுது அடைஞ்ச பொறவும் முடியும். நான் வாரேன்,” என்றான்.

நான் கடைசியாகத் தலையாட்டினேன். மூன்று பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்ததால் ஆட்டினேன் என்பதுதான் உண்மை.

துண்டு நுனி

சட்டம் போட்டவன் மிக்கேல். “முங்குறவன் கயித்தை ஆட்டினா மேல இருக்கவன் என்ன செய்யணும்?” என்று கேட்டான்.

“இழுக்கணும்,” என்றான் மைதீன்.

“ஏம்லே ஆட்டுதேன்னு கேப்பியா?”

“எவன் கேப்பான்?”

“கரையிலயும் அதேதான். எவனுக்கு ஆசை வருதோ, அவன் மத்தவன் துண்டு நுனியைப் பிடிச்சு ஆட்டட்டும். பிடிபட்டவன் வாயைத் தொறக்காம எந்திரிச்சுக் கூட வரணும். புத்தி சொல்லக்கூடாது, ஏசக்கூடாது. கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்க ஜெட்டி முனை வரைக்கும் நடந்துட்டுத் திரும்பணும். அம்புட்டுத்தான்.”

படித்தவர்கள் இதற்கு ஏதாவது பேர் வைத்திருப்பார்கள். எங்களுக்குத் தெரிந்தது கயிறு ஒன்றுதான், அதையே கரைக்கும் கொண்டுவந்தோம்.

சோற்றில் கை வைத்த நேரத்தில் மிக்கேல் வந்து என் துண்டை ஆட்டியிருக்கிறான். கையைக் கழுவிவிட்டு எழுந்திருக்கிறேன். ஒரு தடவை மைதீன் நாவிதரிடம் சவரம் செய்துகொண்டிருந்தபோது நான் போய் ஆட்டினேன். பாதி முகம் மழித்து, பாதி முகம் சோப்பு நுரையோடு, அவன் என்னுடன் ஜெட்டி முனை வரைக்கும் வந்தான். வழியில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். மைதீன் ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பி வந்து, நாவிதர் முன்னால் உட்கார்ந்து, “இப்பம் மிச்சத்தை எடும்” என்றான்.

வழியில் ஒரு பெட்டிக்கடை இருந்தது. கடைப் பந்தல்காலில் பீடி பற்றவைக்கத் தேங்காய் நார்க்கயிறு புகைந்தபடி தொங்கும். யுத்தத்தில் தீப்பெட்டிக்குத் தட்டுப்பாடு. ஊரே அந்தக் கயிற்றை நம்பித்தான் இருந்தது. நாங்கள் அந்தப் பக்கம் போகாமல் கருவாடு காயப்போடும் இடத்தைச் சுற்றிக்கொண்டு போவோம்.

கடை அண்ணாச்சிக்கு வருத்தம். ஒரு நாள் வழிமறித்துக் கேட்டார்: “என்னவே, பீடிதானே வேண்டாம்னிய? என்னையுமா வேண்டாம்னிய?” மறுநாள் அந்தக் கயிற்றை மறுபக்கத்துக் காலுக்கு மாற்றிக் கட்டியிருந்தார். எங்களுக்காக ஒரு தகர டப்பாவில் வறுத்த புளியங்கொட்டை வேறு. நாங்கள் நாலு பேரும் அதை வாயில் ஒதுக்கிக்கொண்டு மாடு அசைபோடுகிற மாதிரி திரிந்தோம். “பீடியை விட்டா ஆயுசு கூடும்னாக. பல்லு குறையும்னு ஒருத்தனும் சொல்லல” என்பான் மிக்கேல்.

மாதா கடிகாரம்

கரையில் இப்படிச் சமாளித்தோம். கடலில் வேறு சிக்கல். பீடி போனதும் என் கடிகாரமும் போய்விட்டது.

முதல் வாரம் இன்னாசியை நான் அவசர அவசரமாக இழுத்தேன். அவர் தரையில் கை வைக்கும் முன்பே இழுத்தேன். வெறும் வலைப்பையோடு மேலே வந்து, “இன்னைக்கு நான் சங்கு குளிக்க வந்தனா, குளிச்சிட்டுப் போக வந்தனா?” என்று கேட்டார்.

பிறகு அவரே ஒரு வழி சொன்னார். பிரியதத்தம் என்று அவர்கள் ஒரு மாதா ஜெபம் சொல்வார்கள். சின்ன ஜெபம். நிதானமாக நாலு தடவை சொன்னால் நாலு இழுப்பு நேரம் ஆகிவிடும் என்றார். எனக்கு அதை வரி வரியாகக் கற்றுக் கொடுத்தார்.

“சொடலைமாடன் கோவிச்சுக்கிட மாட்டாரா வே?” என்று மிக்கேல் கேலி செய்தான்.

“அவரு எனக்காகத்தானே சொல்லுதாரு, மாடன் ஒண்ணும் சொல்லமாட்டாரு,” என்றார் இன்னாசி.

ஐந்து மாதம் சொன்னேன். அதற்குள் எத்தனை ஆயிரம் தடவை மாதாவைக் கூப்பிட்டிருப்பேனோ. எனக்கு அந்த ஜெபம் இன்றும் தலைகீழாகத் தெரியும். சொல்லும்போது கை தானாகக் கயிற்றைத் தேடும்.

இன்னாசியின் இருமல் குறைந்தது. கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்தது. பிலோமி ஒரு நாள், “ராவு முழுக்கத் தூங்குதாரு அண்ணே” என்றாள். அதைச் சொல்லும்போது அவள் கண் நிறைந்துவிட்டது. சங்கு வாங்கும் சர்க்கார் கிட்டங்கியில் அவர் பை மறுபடி கனத்தது.

அங்கேயே கதை நின்றிருந்தால், ஏரல் ஐயா, உங்கள் மகனுக்கு நீங்கள் சந்தோஷமாகப் படித்துக் காட்டியிருக்கலாம்.

சனிக்கிழமை

அன்று காற்று இல்லை. கடல் எண்ணெய் மாதிரிக் கிடந்தது. பக்கத்தில் இன்னொரு வள்ளம். அதில் ஒருவன் பீடி பற்றவைத்தான்.

நான் மூன்றாவது ஜெபத்தில் இருந்தேன். அந்தப் புகை தண்ணீர் மேலாக மெல்ல வந்து என் மூக்கைத் தொட்டது. நான் செய்தது இவ்வளவுதான்: முகத்தை அந்தப் பக்கம் திருப்பினேன். மூச்சை உள்ளே இழுத்தேன். மறுபடி ஒரு தடவை.

எண்ணிக்கைக்குத் திரும்பி வந்தபோது நான் மூன்றில் இருந்தேனா, நாலா, ஐந்தா என்று தெரியவில்லை. இழுத்திருக்கலாம். ஆனால் சீக்கிரம் இழுக்கிறேன் என்று ஏற்கெனவே பேர் வாங்கியவன். மூன்றாவதிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.

“ஏலே! என்னலே பாத்துக்கிட்டு இருக்கே, இழுலே!” என்று மைதீன் கத்தினான்.

கயிறு கனமாக வந்தது. இன்னாசியின் தலை தொங்கியிருந்தது. மூக்கிலிருந்து ரத்தம். கண் பாதி திறந்து வெள்ளை தெரிந்தது. நாலு கை சேர்ந்து தூக்கிக் குப்புறப் போட்டோம். மிக்கேல் முதுகை அமுக்கினான். தண்ணீர் வந்தது, பிறகு இருமல் வந்தது. அந்த இருமல் சத்தத்தை அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு ஆசையோடு நான் கேட்டதில்லை.

கொஞ்ச நேரம் கழித்து இன்னாசி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். “மாதாவுக்கு இன்னைக்கு ரெண்டு மந்திரம் கூடுதலாக் கெடைச்சிருக்கு போல,” என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். எண்ணிக்கை தவறிவிட்டது என்று சொன்னேன். ஏன் தவறியது என்று சொல்லவில்லை.

அதற்குப் பின்

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்ல எனக்குத் தெம்பு இருக்காது.

இன்னாசி அடுத்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை. கடலில் இல்லை, வீட்டில், கட்டிலில். ஒரு பீடியில் யாரும் சாவதில்லை. ஆனால் ஒன்றோடு நின்ற பீடியை நான் பார்த்ததில்லை. பத்து நாளில் அவர் பழைய கணக்குக்குப் போய்விட்டார். மிக்கேலும் அவரோடு போனான். “அவரே குடிக்காரு, நான் யாருக்கு வே விடணும்?” என்றான். அவன் கேட்டதில் தப்பில்லை.

படுத்த பிறகு நான் தினம் மத்தியானம் போய் உட்கார்ந்திருப்பேன். பேச்சு நின்றுவிட்டது. சில சமயம் அவர் கை தடவித் தடவி வரும். என் துண்டு நுனியைப் பிடித்து ஆட்டும். எழுந்து எங்கே நடப்பது? துண்டை அவர் கையிலேயே விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பேன். அவர் தூங்கிய பிறகும் எடுக்க மாட்டேன்.

பிலோமி என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அடக்கம் முடிந்த அன்றைக்கும் “கஞ்சி குடிச்சிட்டுப் போங்கண்ணே” என்றாள். ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

மைதீன் மட்டும் அசையவில்லை. இன்னாசி போன மறுநாள் காலை என் குடிசை வாசலுக்கு வந்தான். கையில் நான் ஒரு கட்டுப் பீடி வைத்திருந்ததைப் பார்த்தான். தன் துண்டு நுனியை எடுத்து என் கையில் திணித்துவிட்டு நின்றான். ஆட்டினேன். நடந்தோம். அப்புறம் இரண்டு வருஷம் தினமும் வந்தான்.

நான் பீடியை விட்டது அப்படித்தான். என் மனவுறுதி என்று யாராவது சொன்னால் எனக்குக் கூசும்.

வள்ளத்து நிழல்

மறுபடியும் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

சனிக்கிழமை நடந்தது என் நெஞ்சை விட்டுப் போகவில்லை. ஜெபம் ஏமாற்றிவிட்டது, பீடி ஒரு நாளும் ஏமாற்றியதில்லை என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. ஒரே ஒரு தடவை அளந்து பார்த்துவிடலாம், நாலு இழுப்புக்குச் சரியாக எத்தனை ஜெபம் என்று. அவர் உயிருக்காகத்தானே. இப்படியெல்லாம் நியாயம் பேசிக்கொண்டே பெட்டிக்கடைக்குப் போனேன்.

“ஒண்ணே ஒண்ணு குடுங்க அண்ணாச்சி. அளக்கதுக்கு.”

“பீடியை வச்சு எதைவே அளக்கப் போறீரு?” என்றவர் என் முகத்தைப் பார்க்காமலே எடுத்துக் கொடுத்தார். மறுபக்கத்துக் காலில் தொங்கிய கயிற்றில் பற்றவைத்துக்கொண்டு வந்து, வள்ளத்து நிழலில் உட்கார்ந்தேன். இழுப்புக்கு ஒரு ஜெபம் மனசுக்குள் சொன்னேன். நாலுக்கு நாலு. கச்சிதமாக வந்தது. அப்போதே அணைத்திருக்க வேண்டும். ஐந்தாவது இழுப்பை எதற்காக இழுத்தேன் என்று இன்றுவரை எனக்கு நானே பதில் சொன்னதில்லை.

அந்த ஐந்தாவது இழுப்பில்தான் பூசை முடிந்து இன்னாசி வந்தார். நான் கையை மூடினேன். அவர் தோல் வெந்துபோகும் என்றார். திறக்கச் சொன்னார்.

திறந்தேன். பீடி உள்ளங்கையில் ஒட்டியிருந்தது. கடல்காற்று பட்டதும் கங்கு மறுபடி சிவந்தது.

“குடிக்கல மச்சான். அளந்து பாத்தேன்,” என்றேன்.

“எத்தனை மந்திரம் வந்துது?”

“நாலு.”

“அப்பம் மந்திரத்துல தப்பில்ல,” என்றார். கோபம் இல்லை. என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். புகை அவர் முகத்துக்கு நேராகப் போய்க்கொண்டிருந்தது. அவர் முகத்தைத் திருப்பவில்லை.

பிறகு அவர் கை என் தோளுக்கு வந்தது. துண்டு நுனியைப் பிடித்து ஆட்டியது. கொஞ்சம் பொறுத்தது. இன்னொரு தடவை ஆட்டியது.

எழ வேண்டும். கேள்வி இல்லாமல், பீடியை மணலில் எறிந்துவிட்டு, அவரோடு ஜெட்டி முனை வரைக்கும் நடக்க வேண்டும். எனக்குத் தெரியாதா? ஆனால் என் வாயெல்லாம் புகை வாடை. இந்த வாயோடு இவரை எங்கே கூட்டிப் போவது என்று ஒரு வெட்கம் காலைக் கட்டிப்போட்டது. தலையைக் குனிந்துகொண்டு அப்படியே இருந்தேன்.

இன்னாசி துண்டை விட்டார். ஒரு கையால் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார், கடலில் பிடிப்பதுபோலவே. மறு கையைப் பீடிக்கு நீட்டவில்லை. முகத்தை மட்டும் என் உள்ளங்கைக்குக் கொண்டுவந்து, உதட்டால் அதை எடுத்தார். கண்ணை மூடினார். கல்லில் கால் வைப்பதற்கு முன்னால் மூச்சை எடுக்கிற மாதிரி, நெஞ்சு நிறைய இழுத்தார்.